பாலில்லாத பையில் பாலின் குறி

அந்தப் பை ஐந்து மாதம் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் பிரிக்கப்படாமலே கிடந்தது. நாலரை பவுண்டு சாக்லெட் சிப்ஸ்; பிஸ்கட் மாவில் கலந்து சுடுகிற சின்னஞ்சிறு கறுப்புத் துண்டுகள். எங்கள் வீட்டில் கேக், பிஸ்கட் சுடும் பழக்கம் கிடையாது. எதிர்வீட்டுத் தோழிக்காக நான் வாங்கி, அவர் நன்றி சொல்லித் திருப்பித் தந்த பை அது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கூடவே, அன்று அவருடைய சமையலறையில் நின்று நான் கேட்ட கேள்வியும் திரும்ப வரும்: பாலே சேர்க்காத பொருளில் பாலின் குறி எதற்கு?

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியின் ஹைலண்ட் பார்க்கில். நம்மவர்கள் புளியும் வெந்தயமும் வாங்கப் போகிற எடிசன் பக்கத்து ஊர். ஹைலண்ட் பார்க்கில் ஆசாரம் பேணும் யூதக் குடும்பங்கள் பல உண்டு. சனிக்கிழமைகளில் காரைத் தொடாமல், குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு நடந்து போவார்கள். எதிர்வீடும் அப்படியொரு வீடு. ஐந்து பிள்ளைகள், வெள்ளிக்கிழமை இரவு மேசையில் குறைந்தது பத்துப் பேர். சென்ற ஆண்டு ஜனவரியில் தோழி பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அந்த வியாழக்கிழமை அவருக்கான கடைவேலையை நான் செய்கிறேன் என்று முன்வந்தேன்.

அவர் தந்த தாளில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. கிடங்குக் கடையில் வாங்க வேண்டியவை ஒருபுறம். ஊருக்குள் இருக்கும் பலசரக்குக் கடையில் வாங்க வேண்டியவை மறுபுறம். இரண்டாம் பட்டியல் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக நிறுவனத்தின் பெயர், அளவு. கிடங்குக் கடையில் மலிவு பார்த்து வாங்குவதில் எனக்கு அப்போது உறுதியான நம்பிக்கை இருந்தது. நான் போகும் கிடங்குக் கடையான காஸ்ட்கோவில் 97 சென்ட்டில் முடியும் விலை தள்ளுபடி விலை, விலைச்சீட்டின் மூலையில் நட்சத்திரம் இருந்தால் அந்தச் சரக்கு மறுபடி வராது என்பதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குள் வழங்கும் அறிவு; எனக்கும் மனப்பாடம். மொத்த விலையைப் பார்க்க மாட்டேன், அவுன்சுக்கு எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். இரண்டாம் பட்டியலில் இருந்த மூன்று பொருள்கள் கிடங்கிலேயே பெரிய அளவில், ஏறக்குறைய பாதி விலையில் கண்ணெதிரே இருந்தன. ஒரு கடையிலேயே வேலையை முடித்துவிட்டேன்.

மேசைமேல் ஒதுக்கப்பட்டவை

காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்தபடி அவர் பொருள்களைப் பிரித்து அடுக்கினார். ஐந்து டஜன் முட்டை, ஆலிவ் எண்ணெய், டூனா டப்பாக்கள், அலுமினியத் தட்டுகள் எல்லாம் ஒரு பக்கம் போயின. நான் மாற்றி வாங்கிய மூன்றும் மேசையின் மறுமுனையில் தனியாக நின்றன. உறைபதனப் பிராக்கலிப் பை. ஒரு பெரிய பார்மசான் பாலாடைக்கட்டி. சாக்லெட் சிப்ஸ்.

பிராக்கலிக்கான காரணம் உடனே விளங்கியது. பூச்சி உண்பதை யூதர்களின் வேதமான தோரா தடுக்கிறது. பிராக்கலியின் பூமொட்டுகளுக்குள் அசுவினி ஒளிந்திருந்தால் உறைந்த பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே, பூச்சியில்லை என்று சோதித்துச் சான்றளித்த பொட்டலம்தான் வேண்டும். பாலாடைக்கட்டி விஷயத்தில் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள் என்பதால் பார்மசானை நானே பல ஆண்டுகளாக வாங்குவதில்லை. அவருக்கு அதற்கு மேலும் ஒன்று: கெட்டிப் பாலாடைக்கட்டி யூத மேற்பார்வையாளர் முன்னிலையில் தயாராகியிருக்க வேண்டும்.

சாக்லெட் சிப்ஸ்தான் எனக்குப் பிடிபடவில்லை. பையின் முன்பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து இருந்தது. ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பின் முத்திரை; யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்று சொல்லும், உலகமே அறிந்த கோஷர் குறி. அதை உறுதிசெய்துகொண்டுதான் வண்டியில் வைத்தேன். தோழி அந்த வட்டத்தின் அருகே விரலை வைத்தார். பக்கத்தில் சிறிதாக ஒரு டி. பால் சார்ந்தது என்று பொருள்.

வெள்ளி இரவு அவர்கள் வீட்டில் கோழி. வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. அந்த ஒரு கட்டளையிலிருந்து வளர்ந்ததுதான் அவர்கள் சமையலறை: இரண்டு கழுவுதொட்டி, இரண்டு வரிசைப் பாத்திரம், இறைச்சி உண்டபின் பாலைத் தொட ஆறு மணி நேரக் காத்திருப்பு. சில யூத மரபுகளில் அது மூன்று மணி நேரம், டச்சு யூதர்களிடம் ஒரு மணி நேரம். இந்த வீட்டில் ஆறு. ஆகவே, கோழிக்குப் பின் வரும் இனிப்பு பாலும் இல்லாத இறைச்சியும் இல்லாத நடுநிலைப் பொருளாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பார்வே.

நான் பையைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். சர்க்கரை, சாக்லெட் கூழ், கோக்கோ வெண்ணெய், லெசித்தின், வெனிலா.

“இதில் பாலே இல்லையே” என்றேன்.

“இதில் இல்லை. இதற்குமுன் அந்த இயந்திரத்தில் ஓடியதில் இருந்திருக்கலாம்” என்றார்.

பால் சாக்லெட்டும் கறுப்பு சாக்லெட்டும் ஒரே இயந்திரத்தில் மாறி மாறி ஓடும். இடையில் நீர்விட்டுக் கழுவாமல் உலர்முறையில் மட்டும் சுத்தம் செய்தால், முந்தையதன் துகள் அடுத்த பையில் விழ வாய்ப்புண்டு. அந்த நிலையில் சான்றளிப்பவர்கள் பாலின் குறியைப் போட்டுவிடுவார்கள். 2012இல் ட்ரேடர் ஜோஸ் கடையின் சாக்லெட் சிப்ஸ் இப்படித்தான் பார்வே என்ற தகுதியை இழந்தது. சேர்மானம் மாறவில்லை, பையில் நிரப்பும் இடத்தின் சுத்தம் செய்யும் முறை மாறியது. அமெரிக்கா முழுவதும் கோஷர் வீடுகளில் அது பெரிய இழப்பாக இருந்தது. பழைய பைகளைத் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். தோழியும் அப்போது பன்னிரண்டு பை வாங்கி வைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில், நெடுநாள் பழகிய பலகாரக் கடை மூடப்பட்டதைச் சொல்பவரின் வருத்தம் இருந்தது.

நான் தலையாட்டினேன். ஆனால் ஏற்கவில்லை. இல்லாத பாலுக்காக, இருக்கக்கூடிய ஒரு துகளுக்காக, பாதி விலையில் கிடைத்த நாலரை பவுண்டுப் பொருளை ஒதுக்குவது என் கணக்கில் பொருந்தவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அந்த எழுத்தால் நான் பெற்றது

எனக்கு அந்த டி நல்ல எழுத்து. பட்டியல் தவறிய காரணமும் அதுதான். கண் அதை நிறுத்திக் கேள்வி கேட்காமல் பச்சை விளக்காக எடுத்துக்கொண்டது.

2003இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில், எங்களை வீட்டில் தங்க வைத்த தமிழ் அம்மா ஒருவர் கடைக்கு அழைத்துப் போய்ச் சொல்லித் தந்த முதல் பாடம் அது. சைவ உணவுக்காரர்களுக்கு இங்கே பச்சைப் புள்ளி கிடையாது. தயிரில் ஜெலட்டின், பீன்ஸ் டப்பாவில் பன்றிக் கொழுப்பு, “இயற்கைச் சுவையூட்டி” என்ற சொல்லுக்குள் எதுவும். வட்டத்துக்குள் யூ, பக்கத்தில் டி இருந்தால் அதில் இறைச்சி இருக்க முடியாது, பாலும் இறைச்சியும் அவர்கள் சேர்க்க மாட்டார்கள் என்றார் அவர். டி இல்லாமல் வெறும் குறி மட்டும் என்றால் பொதுவாகப் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை; ஆனால் முட்டையும் மீனும் இருக்கலாம், அதைப் படித்துப் பார். எந்தக் குறி இருந்தாலும் ஜெலட்டின் என்ற சொல்லைத் தனியாகத் தேடு, ஏனெனில் மீனிலிருந்து எடுத்த ஜெலட்டினும் கோஷர்தான். வட்டம் இல்லாமல் வெறும் கே என்ற எழுத்து மட்டும் நின்றால் அவசரப்படாதே. வெறும் எழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், யார் போட்டார்கள் என்று விசாரி. இத்தனையும் அவர் ஒரு தயிர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவை. அமெரிக்காவில் இருக்கும் சைவத் தமிழர் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன், பயன்படும்.

அந்தக் குறியின் வரலாற்றை நான் பின்னால்தான் தேடிப் படித்தேன். 1923இல் ஆர்த்தடாக்ஸ் யூனியனின் சான்று பெற்ற முதல் பொருள் ஹைன்ஸ் நிறுவனத்தின் சைவ பீன்ஸ். பன்றி இறைச்சி சேர்ப்பதே வழக்கமாக இருந்த ஒரு பண்டத்தை அது இல்லாமல் செய்து, அதற்கு ஒரு குறி இட்டார்கள். அந்தக் குறியின் நிழலில் இருபது ஆண்டு சாப்பிட்டிருக்கிறேன். அது யாருக்காக, என்ன கண்டிப்போடு காக்கப்படுகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கிடங்கின் கணக்கும் அடுப்பங்கரையின் கணக்கும்

மார்ச் முதல் வாரத்தில் தோழிக்குக் கால் தேறியது. தூக்க முடியாததைத் தூக்க உடன்வர முடியுமா என்று கேட்டார். இருவருமாகக் கிடங்குக் கடைக்குப் போனோம். இரண்டரை மணி நேரம் ஆனது. அவர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த கடை வேறொரு கடையாக மாறியது.

கோஷர் வீட்டுக்கு எல்லாமே விலை அதிகம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மாவு, சர்க்கரை, எண்ணெய், டூனா, வெண்ணெய், பாதாம் ஆகியவற்றில் பலவற்றின் பொட்டலத்தில் குறி ஏற்கெனவே இருக்கிறது. லட்சக்கணக்கான பொட்டலங்களில் சான்றுக்கான செலவு கரைந்துபோவதால் வாங்குபவருக்கு அது தெரிவதே இல்லை. காஸ்ட்கோ தன் சொந்தச் சரக்கான கிர்க்லண்டை 1995இல் தொடங்கியது. அதன் பல பொருள்களில் கோஷர் குறி உண்டு. கொள்முதல் விலைக்கு மேல் 14, 15 விழுக்காட்டைத் தாண்டி லாபம் வைப்பதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. ஏழு பேர் உண்ணும் வீட்டுக்கு 65 டாலர் ஆண்டுச் சந்தா அடிப்படைப் பொருள்களிலேயே திரும்பி வந்துவிடும்.

பணம் போகும் இடம் வேறு. இறைச்சி. மாட்டை முறைப்படி அறுத்து நுரையீரலைத் தடவிச் சோதிக்க வேண்டும். குறை இருந்தால் அது பொதுச் சந்தைக்குப் போய்விடும். தேறியதிலும் அமெரிக்காவில் பெரும்பாலும் முன்பாதி மட்டுமே கோஷராக விற்பனைக்கு வருகிறது. பின்பாதியில், உண்ணக் கூடாத தொடை நரம்பை நீக்கும் வேலை கடினமானது. பிறகு அரைமணி நேரம் ஊறல், ஒரு மணி நேரம் உப்பு, மூன்று முறை கழுவல். கடையின் பின்கோடியில் சுழன்று வேகும் 4.99 டாலர் கோழியின் மணம் எல்லோரையும் இழுக்கும். அதைக் கடந்து போய், உறைந்த கோஷர் கோழிக்கு அவர் அதைவிடப் பலமடங்கு கொடுத்தார். யூதக் குடும்பங்கள் அதிகமுள்ள பகுதிகளின் கிளைகளில் மட்டுமே அதுவும் கிடைக்கும். ஆக, மாவிலும் எண்ணெயிலும் மிச்சமாகும் டாலர்தான் வெள்ளிக்கிழமைக் கோழியாகிறது. இதை அவர் என்னிடம் விளக்கவில்லை. வண்டியில் பொருள்கள் ஏறிய வரிசையிலேயே தெரிந்தது.

மீன் பகுதியில் தோலில்லாத சால்மனை எடுத்தார். துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் கோஷர்; தோலை நீக்கிய துண்டில் செதில் இருந்ததா என்று எப்படி அறிவது? சால்மனுக்கு மட்டும் சதையின் செந்நிறமே அடையாளம், வேறு மீனோடு குழப்ப முடியாது என்று சான்றளிப்பவர்கள் ஏற்கிறார்கள். வீட்டில் நன்றாகக் கழுவிக்கொள்வேன் என்றார். அந்தப் பெரிய துண்டு மூன்று சனிக்கிழமைக்கு வரும். பாலைச் சாதாரணமாகவே எடுத்தார். அமெரிக்க அரசின் கண்காணிப்பே போதும் என்று யூத மதச் சட்ட அறிஞரான ராபி மோஷே ஃபைன்ஸ்டீன் தீர்ப்பளித்ததை அவர்கள் வீடு பின்பற்றுகிறது. யூதர் மேற்பார்வையில் கறந்த பாலைத்தான் தொடுவோம் என்ற வீடுகளும் அதே தெருவில் உண்டு. அவர்களுக்குக் கிடங்குக் கடையின் பால் பகுதி முழுவதும் மூடிய கதவு. ஒரே கடை, ஒரே மதம், தெருவுக்குள்ளேயே இரண்டு விலைப்பட்டியல்.

எஃகுப் பாத்திரத் தொகுப்பு ஒன்று நல்ல தள்ளுபடியில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, இறைச்சிக்கா பாலுக்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இரண்டு மட்டும் தேவை, பத்து வேண்டாம் என்று வைத்துவிட்டார். வாங்கினாலும் நேரே அடுப்பில் ஏற்ற முடியாது. புதிய உலோகப் பாத்திரத்தையும் கண்ணாடியையும் அதற்கென்று உள்ள நீர்த்தொட்டியில் முழுக்கி எடுத்த பிறகே சமையல்.

பழகிய பொருளையும் அவர் திருப்பிக் குறியைப் பார்த்தார். இருபது ஆண்டு வாங்கிய எண்ணெயைக்கூட. கடையின் சொந்தச் சரக்கை எந்த ஆலை செய்கிறது என்பது நமக்குத் தெரியாமலே மாறும், ஆலை மாறினால் குறியும் மாறும். எனக்கு அவர் சொன்ன ஒரே அறிவுரை அதுதான்: பையின் நிறத்தை நம்பாதீர்கள்.

மாவு மூட்டையும் தயிரும்

இருபத்தைந்து பவுண்டு மாவு மூட்டை அந்த வாரம் நான் பார்த்ததிலேயே குறைந்த விலைக்கு வந்திருந்தது. வாரந்தோறும் ஷபாத் என்னும் ஓய்வுநாளுக்குப் பின்னல் ரொட்டி சுடுகிற வீடு. நான் மூட்டையைத் தூக்கவே குனிந்துவிட்டேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். எட்டு நாள் யூதப் பண்டிகையான பஸ்காவுக்கு ஆறு வாரம்கூட இல்லை. கோதுமை, பார்லி, கம்புக்கோதுமை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்தும் அவற்றில் செய்தவையும் அந்த எட்டு நாளும் வீட்டில் இருக்கக் கூடாது. யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்று, பண்டிகைக்குப்பின் திரும்பப் பெறும் வழி உண்டு. ஆனால் வெறும் மாவை அப்படி விற்பதில்லை என்பது அவர் தாய்வீட்டு வழக்கம். ஆகவே, ஐந்து பவுண்டு பை, அதுவும் ஒன்றுதான். பவுண்டுக்கு விலை இரு மடங்கு. தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

அவுன்ஸ் கணக்கை நம்பிய எனக்கு அது ஒரு பாடம். கிடங்குக் கடை முழுவதும் ஒரே வாதத்தின்மேல் நிற்கிறது: அதிகம் வாங்கு, குறைவாகக் கொடு. சால் பிரைஸ் 1976இல் சான் டியேகோவின் பழைய விமானக் கொட்டகை ஒன்றில், இவ்வகைக் கடைகளின் முன்னோடியான பிரைஸ் கிளப்பைத் தொடங்கியபோது சொன்ன வாதம். அவரும் குடியேறி வந்த யூதப் பெற்றோரின் மகன்தான். தோழியோ அந்த வாதத்தை ஒவ்வொரு தட்டிலும் நிறுத்தி விசாரித்தார். இது எந்தப் பக்கத்து அடுப்புக்கு? எந்த மாதம் வரைக்கும்? யார் உண்பார்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே விலை. நான் அதுவரை விலையைக் கடைசியாகப் பார்த்ததே இல்லை.

தயிர் வரிசையில் நான் எனக்கு ஒரு டப்பாவை எடுத்து, பழக்கத்தில் திருப்பிக் குறியைப் பார்த்தேன். நீங்கள் ஏன் அதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். 2003ஐ, தமிழ் அம்மாவை, இருபது ஆண்டாக அந்த டி எங்களுக்குக் காவலாக இருப்பதை. அவருக்கு அது புதிய செய்தி. எதிரெதிர் வீட்டில் எட்டு ஆண்டு இருந்திருக்கிறோம். நான் அவர்கள் குறியைப் படித்துத்தான் சாப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அப்படியா, அப்படியா என்று இரண்டு முறை கேட்டார். தயிர் டப்பாவைத் தன் கையில் வாங்கி, அந்த எழுத்தைத் தானே முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“அதனால்தான் அந்தச் சாக்லெட்டை எனக்கு வாங்கினீர்கள்” என்றார்.

அங்கே, குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்ற அந்த நிமிடத்தில்தான் என் கேள்வி அவிழ்ந்தது. சேர்மானத்தில் பால் இல்லை, ஒரு துகளுக்காக எதற்கு என்று அந்த மேற்பார்வையாளர் அன்று விட்டிருந்தால், தயிரில் இறைச்சியின் சாரம் ஒரு துளி, அதற்கும் எதற்கு என்று இன்னொருவர் விட்டிருக்க முடியும். துகளையும் விடாதவர்கள் என்பதால்தான் முகமறியாத நான் அந்த எழுத்தை நம்பி என் பிள்ளைகளுக்கு ஊட்டினேன். அவருடைய வெள்ளிக்கிழமை இனிப்பைக் கெடுத்த அதே கண்டிப்புதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் காத்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மன்னியுங்கள், அன்று நான் வாதாடியிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் தயிரை என் வண்டியில் வைத்து, இன்னொன்றும் எடுத்து வைத்தார்.

வெளியேறும் வழியில் ஹாட் டாக் கடை. 1985 முதல் இன்றுவரை ஒன்றரை டாலர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே விற்றது ஹீப்ரூ நேஷனல் என்ற கோஷர் நிறுவனத்தின் தயாரிப்பு. பிறகு கடை தன் சொந்தச் சரக்குக்கு மாறியது. எங்கள் இருவருக்கும் அங்கே உண்ண ஒன்றுமில்லை. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஏப்ரலில் பஸ்கா வந்து போனது. மே கடைசியில் தோழி கதவைத் தட்டி, அந்தச் சாக்லெட் பை இன்னும் இருக்கிறதா, பிரிக்கவில்லையே என்று கேட்டார். பஸ்காவுக்கு ஏழு வாரம் கழித்து வரும் ஷாவூத் பண்டிகையில் பால் உணவுதான் மரபாம். அன்று இறைச்சி மேசைக்கு வராத வேளையில் டி எழுத்து தடையில்லை. பஸ்காவின்போது பை எங்கள் வீட்டில், எங்கள் பொருளாக இருந்ததால் அந்த வகையிலும் சிக்கலில்லை. மேல்தட்டிலிருந்து இறக்கித் தூசி துடைத்துக் கொடுத்தேன். பாதி விலையையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை.

இரண்டு நாள் பண்டிகை முடிந்த மறுநாள் காலை அவருடைய மூன்றாவது பெண் ஒரு காகிதத் தட்டை ஏந்தி வந்தாள். மேலே தாள் மூடி, ஓரத்தில் பேனாவால் வட்டமிட்டு ஒரு டி. அதன் கீழே சிறிய எழுத்தில், முட்டை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தது.